பூட்டிய வீட்டுக்கு வந்த கரண்ட் பில்

சந்தோஷ்,

ஜெயித்துவிட்டேன்! அப்பா காரியத்துக்கு நாம் ஊருக்குப் போனபோது வீடு பூட்டியிருந்ததால், மீட்டரைப் பார்க்காமல் முந்தைய பில்லில் இருந்த யூனிட்டையே போட்டிருக்கிறார்கள். அது அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் இரவும் பகலும் ஓடிய சமயத்துக் கணக்கு. "கட்டிட்டு உடும்மா, அவங்களாண்ட இன்னா சண்டை?" என்று நீ கட்டிவிட்டாய். நான் விடவில்லை. இன்று கரண்ட் ஆபீஸ் ஆளைக் கூட்டிவந்து மீட்டரைக் காட்டினேன்.

"இன்னாம்மா, இவ்ளோ கம்மியா கீது?"

"மிஷின் நின்னுபோச்சுப்பா."

அவர் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டார். அதிகம் கட்டியது அடுத்த பில்லில் கழியும்.

ரசம் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். நான் எதிர்வீட்டு விஜி அக்காவிடம் இதைச் சொல்லப் போகிறேன், வர நேரமாகும்.

பின்குறிப்பு: பில்லுக்குப் பயந்து புழுக்கத்தில் படுக்காதே. ஏசி போட்டுத் தூங்கு. இந்தத் தடவை அப்பா செலவு.

அம்மா