தாத்தாவின் வாய்தாக்கள்

1958 ஜூலை 4, வெள்ளி

சாரல். கறுப்புக் கோட்டு இன்னும் காயவில்லை. அடுத்த வாரம் வக்கீல் சங்கத்தில் தாத்தா படத் திறப்பு. வாழ்க்கைக் குறிப்பு நான்தான் எழுத வேண்டுமாம், பேரன் என்பதால்.

எழுதியவரை: மாட்டுவண்டியில் கோர்ட்டுக்குப் போன வக்கீல். பிறகு சென்னையில் சட்டசபை உறுப்பினர். பெண்களின் கல்யாண வயதை உயர்த்தக் கூடாது, அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று சபையில் பேசியவர். அவர் மகளுக்கு, என் அத்தைக்கு, ஒன்பதில் கல்யாணம். பதினொன்றில் தாலி அறுத்தாள். இதை மேடையில் எப்படிப் படிப்பது? கோபம்தான் வருகிறது.

மாலை கட்சிக்காரி பாத்தும்மா வந்தாள். கடையநல்லூர், நெசவு, எழுபது வயது. வீடு கொழுந்தன் பேரில். காலி பண்ணச் சொல்லி வழக்கு. இவள் பேரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திங்கட்கிழமை விசாரணை. தோற்போம் என்று சொல்லிவிட்டேன்.

"நான் மௌத்தாகுற வரைக்கும் அங்கன கெடந்துக்கிடுதேன் வக்கீலய்யா. பொறவு அவனே எடுத்துக்கிடட்டும்."

சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஜூலை 5, சனி

தாத்தாவின் பெட்டியைக் குடைந்தேன். பாச்சை உருண்டை, மூக்குப்பொடி டப்பா, ஒரு நோட்டு. ஒரே வழக்குக்கு அவர் வாங்கிய வாய்தாக்கள். சிற்றாற்றில் வெள்ளம். வண்டி அச்சு முறிந்தது. சாட்சிக்கு அம்மை. வக்கீலுக்கு வயிற்றுக்கடுப்பு. மறுபடி வயிற்றுக்கடுப்பு. இப்படிப் பதினோரு வருஷம்.

குமாஸ்தா செல்லையா அண்ணாச்சி சிரித்தார். "வாய்தா வக்கீல்னுல்லா ஊர்ல பேரு அவுகளுக்கு."

எனக்கும் சிரிப்பு. கடைசிப் பக்கம் வரைதான்: "கட்சிக்காரி, விதவை, காலி பண்ணச் சொன்ன அதே வீட்டிலேயே காலமானாள். வழக்கு முடிந்தது."

வழக்கு தொடங்கிய வருஷத்தைப் பார்த்தேன். அத்தை தாலி அறுத்ததற்கு மறு வருஷம்.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலம். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்தவர் கேட்டார்: "என்ன சார், ஒடம்பெல்லாம் இப்டி முறுக்கிக் கெடக்கு?"

தாத்தா சபையில் பேசியதை மன்னிக்க முடியவில்லை. பாவம், மனுஷனை வெறுக்கவும் முடியவில்லை.

வாங்கியது: நேந்திரங்காய் சிப்ஸ், குழந்தைகளுக்கு மங்குஸ்தான்.

ஜூலை 7, திங்கள்

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். முன்சீப் நிமிராமலே, "தயார்தானே?" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் வாய்தா கேட்டதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. எழுந்தேன்.

"வயிற்றுக்கடுப்பு, சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்வக்கீலும் பார்த்தார். செல்லையா அண்ணாச்சி கேஸ் கட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார். ஆகஸ்ட் 18-க்கு வாய்தா.

வெளியே வந்து பாத்தும்மாவிடம் சொன்னேன், அதுவரை வீட்டை விட்டு யாரும் கிளப்ப முடியாது என்று. தலையாட்டினாள். எங்கேயோ போனாள்.

அரை மணி கழித்து மூச்சு வாங்க வந்தாள். கையில் ஆவி பறக்கிற தம்ளர்.

"சுக்குத்தண்ணி வக்கீலய்யா. மொடக்குனு குடிங்க, வயித்துக்கு நல்லது."

குடித்தேன்.