பெயர் எழுதிய கேக்

வெள்ளி இரவு. குதைபியா, மனாமா.

இவர் இன்று ஒரு கேக்கோடு வீட்டுக்கு வந்தார். அமெரிக்கப் படைத்தளத்துச் சமையலறையில் இவருக்கு வேலை. ஓர் அதிகாரியின் மகனுக்குப் பிறந்தநாள் என்று இவரே செய்த கேக். வாங்க ஆள் வரவில்லை.

"குடும்பங்கள எல்லாம் பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டாவ. பிரசிடென்ட் ஆர்டராம்."

"அப்ப சண்டை வருமா?"

"அத அவருதான் சொல்லணும். போர்னு அறிவிக்க அவிய பார்லிமென்ட் வேணுமாம். ஆனா குண்டு போடச் சொல்ல அவரு ஒருத்தரே போதும்னு மெஸ்ல பேசிக்கிடுதாவ."

"இவிய அடிச்சா, அடி வாங்குனவன் திருப்பி எங்க அடிப்பான்?"

இவர் கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் நாட்டுப் பிள்ளைகளைக் காப்பது அந்த பிரசிடென்டின் கடமை, செய்துவிட்டார். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களைக் காப்பது யார் கடமை? வேலைக்கு வராவிட்டால் விசா கேன்சல் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டானாம்.

மகள் கேக்கை ஆசையாகத் தின்றாள். பெயர் எழுதியிருந்த துண்டை மட்டும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"டாடி, அந்தப் பையன் ரிட்டர்ன் வந்தா குடுத்துருங்க."

"சரிம்மா" என்றார் இவர்.

எந்த இடம் ஆபத்து என்று அந்தப் பையனை அனுப்பினார்களோ, அங்கேதான் இவருக்குக் காலையில் டூட்டி. யூனிபார்மை நான்தான் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.