ஃபோனியோப் புட்டு

வுப்பர்டால், சனி இரவு.

கோதுமை ஆகாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து என் மனைவி வசந்தி புட்டுப் பேச்சே எடுப்பதில்லை. அரிசிமாப் புட்டு அவளுக்குத் தொண்டையில் இறங்காது. என்னோடு வேலை செய்யும் கினி நாட்டுக்காரி மரியாமா தன் ஊர்த் தானியம் ஃபோனியோ தந்தாள். அதில் கோதுமைக் குணம் இல்லையாம், ஆவியில் அவிக்க வேண்டுமாம். நான் அரிசியைப் போல அரித்துக் கழுவினேன். மணலைவிடப் பொடி! பாதி தண்ணீரோடு போய்விட்டது. என்மேலேயே எரிச்சல் வந்தது. மிச்சத்தைத் தேங்காய்ப்பூவோடு, புட்டவிக்கும் நீத்துப்பெட்டியில் அவித்தேன்.

வசந்தி தின்றாள். தட்டை வழித்துவிட்டுக் கேட்டாள்: "இன்னும் கிடக்கோப்பா?"

கிடந்தது, கழிவுநீர்க் குழாய்க்குள். சொல்லவில்லை. என் தட்டைத் தள்ளினேன். "இந்தாரும், எனக்குப் பசியில்லை."

இப்போது வயிறு கிள்ளுகிறது. சந்தோஷமாகத்தான் கிள்ளுகிறது.