அத்தானுக்கு ஒரு டாங்கி

ஜூரோங், சிங்கப்பூர்
3-6-1990

அன்புள்ள அக்காவுக்கு,

தாவீது எழுதுகிறேன். கப்பல் பட்டறையில் வெயில், அறையில் ஆறு பேரின் குறட்டை, சாம்பாரில் சர்க்கரை. மற்றபடி சுகமாக இருக்கிறேன்.

பரங்கிமலைப் பெண் வீட்டார் ஜனவரியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்பா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியது அத்தான். அவர் என் பக்கத்தில் நிற்காமல் நான் கோயில் படி ஏற மாட்டேன். இதை இன்னொரு தடவை அவரிடம் சொல்லிப் பார். நான் எழுதுகிற கடிதத்தைத்தான் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாரே.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் பக்கம் ஒரு கடையைப் பார்த்தேன். முழுக்க ஜப்பான்காரன் செய்த டாங்கிகள். விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதே. பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்த ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாடி! சக்கரத்துக்குச் சக்கரம் போல்ட்டு தெரிகிறது. மேல்மூடிக்குக் கைப்பிடி வைத்திருக்கிறான், நூல் கனம்கூட இல்லை. நிஜக் கப்பலுக்கு வெல்டிங் வைக்கிறவன் நான், அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கடையைச் சாத்தப் போகிறோம் என்று சொல்லித்தான் என்னை வெளியே அனுப்பினார்கள்.

அத்தான் சண்டையில் ஓட்டிய அதே டாங்கியை வாங்கி அனுப்பினால் மனது இளகுவார் என்று தோன்றுகிறது. அது எந்த டாங்கி என்று அவருக்குத் தெரியாமல் விசாரித்து எழுது. கையில் இருப்பது கல்யாணத்துக்குச் சேர்க்கிற காசு, பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உன் தம்பி,
தாவீது


சேலையூர்
17-6-1990

பிரியமுள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

ஆண்டவர் கிருபையில் நாங்கள் இரண்டு பேரும் சுகம். தண்ணீர் லாரிக்காரனுக்குத்தான் சுகமில்லையாம், வருவதே இல்லை.

உன் அத்தானிடம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நீ சிங்கப்பூர் கிளம்பிய அன்றைக்கு விருந்தில் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் என்ன சொன்னாய்? "அத்தான் எங்க சண்டை போட்டாரு, வண்டிதானே ஓட்டினாரு." எல்லோரும் சிரித்தார்கள். மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் டாங்கி ஓட்டியவர், இன்றைக்கு மறைமலை நகர் கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறார். அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெருமை. உன் வாய்க்கு ஒரு பூட்டு அந்தக் கடையில் கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்.

டாங்கி பெயரை நான் எங்கே போய்க் கேட்பேன்? கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஹாலில் போட்டோ மாட்டியிருக்கிறதே, பட்டாளத்து ஆட்களோடு டாங்கி முன்னால் நிற்பாரே, அதை ஆணியிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தலை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கிறது. முன்பக்கம் மழமழவென்று உருண்டை. குழாய் முனையில் குறுக்கே ஒன்று, சுத்தியல் தலை போல. சக்கரமெல்லாம் வெளியே தெரிகிறது, மறைக்கிற தகடு எதுவும் இல்லை. இத்தனை வருஷம் தூசி தட்டியிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன் தாவீது. சங்கிலிப் பட்டையே அவர் மார்பு வரைக்கும் வருகிறது. இதையா இந்த மனிதர் ஓட்டினார் என்று எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஆகஸ்டு மாதம் அவருக்குப் பிறந்தநாள் வருகிறது. அதற்குள் அனுப்பு.

அன்புடன்,
அக்கா ரத்தினபாய்


ஜூரோங்
8-7-1990

அன்புள்ள அக்காவுக்கு,

வாங்கிவிட்டேன்! நீ எழுதியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனேன். கடைக்காரச் சீனர் முகம் சுளிக்காமல் பெட்டி பெட்டியாக இறக்கிப் போட்டார். மோட்டார் வைத்தது ஒன்று, தானே ஓடும். அதை வாங்கினால் நான் பட்டினிதான். தீப்பெட்டி அளவில் ஒன்று மலிவாக இருந்தது, அத்தான் கண்ணாடி போட்டாலும் தேட வேண்டிவரும். பக்கவாட்டில் தகடு போட்டது ஒன்றும் வந்தது. இந்தியாக்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று அவர் அதை என் பக்கம் தள்ளினார். விலையும் அதிகம், நம் போட்டோவில் தகடும் இல்லை, வேண்டாம் என்று தள்ளி வைத்தேன்.

கடைசியாக எடுத்ததில் எல்லாமே இருந்தது. அதே சட்டித் தலை, அதே சுத்தியல். மோட்டார் இல்லாததால் விலையும் கைக்கு அடக்கம். எம் 48 என்று போட்டிருக்கிறது, மற்றதெல்லாம் ஜப்பான் எழுத்து. இந்தியா பாகிஸ்தான் சண்டையில் இருந்ததுதானா என்று கேட்டேன், இருந்தது என்றார். ராத்திரி மூடியை மட்டும் திறந்து பார்த்தேன். அத்தனை துண்டும் பிளாஸ்டிக் சட்டத்தில் வரிசையாகக் காய்த்துத் தொங்குகிறது. தொடக்கூட மனசு வரவில்லை, மூடிவிட்டேன்.

அறையில் இருக்கும் சம்பத் பெருங்களத்தூருக்கு லீவில் வருகிறான். அவனிடம் பசையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன். அத்தான் முகம் எப்படி மாறியது என்று ஒன்று விடாமல் எழுது.

தாவீது


சேலையூர்
13-8-1990

தம்பி தாவீதுக்கு,

என்னத்தைச் சொல்ல. நாம் இரண்டு பேரும் சேர்ந்து குடியைக் கெடுத்துவிட்டோம்.

நேற்று பிறந்தநாள். பாயசம் வைத்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துவிட்டது. "இது பாட்டன் டாங்கி. பாகிஸ்தான்காரங்க வண்டி" என்றார். இல்லை என்று போட்டோவைக் காட்டினேன். அது நம் ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்த வண்டியாம்! சண்டை முடிந்து அதன் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம். தகடு போட்டதுதான் அவர் ஓட்டியதாம், நீ வேண்டாம் என்று தள்ளினாயே, அது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் போட்டோ ஹாலில் தொங்குகிறது. நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"சண்டையே போடலன்னான். இப்ப எத ஓட்டினேன்னு கூடத் தெரியலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். பெட்டியைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டுக் கேம்ப் ரோடு பக்கம் நடந்து போய்விட்டார். பாயசம் அப்படியே கிடந்தது.

பெண் வீட்டாருக்கு இப்போதைக்குத் தேதி எதுவும் உறுதி சொல்லாதே.

அக்கா


ஜூரோங்
26-8-1990

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நல்லது செய்யப் போய் மறுபடியும் அவரை அடித்திருக்கிறேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. அவர் இல்லாமல் நடத்த எனக்குத் தெம்பு இல்லை. அந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு, அவர் கண்ணில் பட வேண்டாம்.

தாவீது


சேலையூர்
7-10-1990

என் கண்ணான தம்பிக்கு,

உட்கார்ந்து படி. நல்ல சேதிதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பாக்கம் ஏரி வரைக்கும் ஒரே மழை, கரண்டும் இல்லை. உன் அத்தான் தானாகவே ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கினார். துண்டுகளை நறுக்கி எடுக்க நகவெட்டி கேட்டார். கொடுத்துவிட்டு நான் மூச்சுக் காட்டாமல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கியர் போட்டுக் காய்த்துப்போன அந்தக் கை இருக்கிறதே, அது அரிசிக்குருணை அளவுத் துண்டை எடுத்துப் பசை தொட்டு வைக்கிறது. ஒரு பிசிறு இல்லை. அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் அதே வேலைதான். நான் அரிசி பொறுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே இருப்பேன். வீட்டில் இவ்வளவு சுத்தமான அரிசியில் இதுவரை பொங்கியதே இல்லை.

போன வாரம் முன்பக்கத்தை ஒட்டும்போது பேசினார். நானாக எதுவும் கேட்கவில்லை.

"இதுக்குள்ள நான் உக்காந்திருக்கேன் ரத்தினம்" என்றார். பிடித்த வண்டியை முகாமுக்கு ஓட்டிவரச் சொல்லி இவரைத்தான் ஏற்றினார்களாம். நம் வண்டியில் டிரைவருக்கு வலது பக்கம் இடமாம், இதில் நட்டநடுவிலாம். நம்முடையதில் லிவர், இதில் ஸ்டியரிங். எல்லாம் வேறு, ஓட்டவே வராது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்கினாராம்.

"சீட்ல முதுகுக்கு ஒரு போர்வைய மடிச்சு வெச்சிருந்தான் அவங்க டிரைவர். நான் எப்படி மடிச்சு வெப்பேனோ, அதே மடிப்பு. கால நீட்டினேன், பெடல் சரியா பாதத்துக்கு வந்துச்சு. எதையுமே மாத்த வேண்டி வரல."

அவன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"எறங்கி ஓடிட்டான்னு சொன்னாங்க. அது நெஜமா இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கினேதான் ஓட்டிக்கினு வந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது தாவீது. இதை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனிதர் இத்தனை வருஷம் என்னிடம் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கேட்டார்? யாரோ பெரியவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டாங்கி முடிந்துவிட்டது. தையல் மிஷின் மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். உன் பெட்டியில் ஒரே ஓர் ஆள் பொம்மைதான் இருந்தது, மேலே மூடியில் இடுப்பு வரை நிற்கிற ஆபீசர். டிரைவர் மூடியை இவர் திறந்தபடி ஒட்டியிருக்கிறார். உள்ளே காலியாக இருக்கிறது. காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் குனிந்து அதைப் பார்க்கிறார்.

இன்றைக்குச் சாப்பிடும்போது, டிரைவர் பொம்மையை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று உன்னைக் கேட்கச் சொன்னார். விற்றால் தபாலில் போடச் சொல்கிறேன் என்றேன்.

"தபால்ல வேணாம், ஒடஞ்சிடும். ஜனவரியில வரும்போது கையில கொண்டாரச் சொல்லு" என்றார்.

உன் அக்கா,
ரத்தினபாய்