எல்லைக்கோட்டைத் தாண்டிய ஊசி

எல்ஸ்ட்ரீ,
1936 மார்ச் 10, செவ்வாய்.

அன்புள்ள தங்கை ஐவிக்கு,

நான் நலம். உன் நலம் விசாரிக்க எனக்குத் தகுதி உண்டா என்பதை, இதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள். இங்கே மழை விட்டபாடில்லை. வாடகை வீட்டுக்காரி என் இருமலைப் பற்றி மற்றவர்களிடம் புகார் சொல்கிறாள். என்னிடம் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

நேற்று ஸ்டுடியோ உணவுக்கூடத்தில் டைரக்டர் லேவரி உன் பதிலை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஆலைப் பெண்ணைப் பற்றிய பாட்டுப் படத்துக்கு அவர் உன்னைக் கூப்பிட, நீயோ, "என் குரல் மெஷினுக்கு ஆகாதுங்க. எங்கண்ணனே கேட்டுட்டுச் சொன்னாரு, அவரு பொய் சொல்ற ஆளில்ல" என்று எழுதியிருக்கிறாய். லேவரி என் முதுகில் தட்டி, "உன் காது மேல தங்கச்சிக்கு என்ன நம்பிக்கை பாருய்யா. நீயே எழுதி வரவழை. வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம் வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார். என் தட்டிலிருந்த கறி அப்படியே ஆறிப்போனது.

ஐவி, நான் பொய் சொன்னேன்.

நான்கு வருடம் முன்பு நீ இங்கே குரல் சோதனைக்கு வந்து பாடியபோது ஒலிப்பதிவுக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவன் நான். ஒவ்வொரு முறை எடுத்து முடித்ததும் டைரக்டர்கூடப் பாடியவரைப் பார்ப்பதில்லை, கண்ணாடிக்குள் இருக்கும் எங்களைத்தான் பார்ப்பார். நாங்கள் தலையாட்டினால்தான் அது செல்லும். நீ குரலை உயர்த்தும் இடத்தில் நான் ஒலியைக் கூட்டும் திருகை வேண்டுமென்றே ஏற்றிவைத்தேன். ஒலியளவு காட்டும் ஊசி எல்லைக்கோட்டைத் தாண்டியது. நான்கு தடவையும் அப்படியே செய்தேன். மறுநாள் போட்டுக் கேட்டபோது குரல் தகரம் கிழிவதுபோல வந்தது. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. சொந்தத் தங்கை அல்லவா.

வெளியே வந்து நீ, "உன் மெஷினுக்கு என்னைப் பிடிக்கலையாமேண்ணே, பாவம், ஒரு டீ போட்டுக் குடு, சரியாப் போகும்" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தாய். ரயிலடியில் மட்டும் என் கையைப் பிடித்து, "நெசமாச் சொல்லுண்ணே, கேக்க அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்றாய். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கெட்டுவிட்டது என்றேன். மேடையை விட்டுவிட்டு நீ மறுபடி தறிக்கே போய்விட்டாய் என்று தெரிந்தபோதுகூட நான் உண்மையை எழுதவில்லை.

காரணம் கேட்பாய். பன்னிரண்டு வயதில் நீ ஆலைக்குப் போனது நான் படிக்க. அதை ஒருநாளும் நீ சொல்லிக்காட்டியதில்லை. அப்பா சொன்னார். பிளாக்பூல் மேடையில் நீ பாடி ஊரே எழுந்து நின்ற அன்று, உறவுக்காரர்கள் நடுவே, "லத்தீன் படிச்சவன் மூலையில உக்காந்து கை தட்டுறான், தறி ஓட்டுனவளுக்கு ஊரே எழுந்து நிக்குது" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். அவர் செத்து இரண்டு வருடமாகிறது, அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நான் பழிதீர்த்தது அவரிடம் அல்ல.

இன்று காலை லேவரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவகிட்ட மொதல்ல சொல்லுய்யா" என்றார். என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. அதற்காக நீ இரங்கவேண்டாம். நீ பாடும் நாளில் பெட்டிக்குள் ஹாரப் என்பவர் இருப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது, ஆனால் நேர்மையானவர்.

வா, ஐவி. குரலை அடக்காமல் பாடு. ஸ்டுடியோவில் நீ என் முகத்தில் விழிக்க வேண்டியிராது.

உன் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, என்றும் இருந்ததில்லை. அது நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தந்தி அடித்துவிடு. எனக்கு வேண்டாம், லேவரிக்கு.

இப்படிக்கு,
ஆர்னால்ட்