வேலியோரம் பதில் குரல் கொடுத்த கைதிக்காக

அனுப்புநர்:
திருமதி வெர்னா டிட்வெல்,
பீகன் தோப்பு வீடு, பழைய ஆலைச் சாலை,
ஹார்லோ பெண்ட், ஜார்ஜியா.

பெறுநர்:
சிறைக் கண்காணிப்பாளர்,
மாநில ஆண்கள் சிறை மற்றும் இராணுவ முறைப் பயிற்சி முகாம்,
ஹார்லோ பெண்ட்.

பொருள்: பயிற்சிக் கைதி லமார் பெட்வேயை முகாமிலிருந்து நீக்கும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஹாலிஸுக்குச் சென்ற இலையுதிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் நின்றது. காலை வேளைகளில் அவரைத் தோப்பு வேலியருகே சக்கர நாற்காலியில் உட்கார வைப்பேன். தங்கள் முகாமின் கைதிகள் அவ்வழியே ஓடுவார்கள். அந்த அணியை நடத்தும் சார்ஜென்ட் ரஸ்க், "எங்கடா போறோம்?" என்று கத்துவார். "வீட்டுக்கு!" என்று அத்தனை பேரும் கத்துவார்கள்.

2. மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பதிலில் என் கணவரின் குரலும் கேட்டது. கோழித் தீவனத்தைப் போட்டது போட்டபடி ஓடினேன். சார்ஜென்ட் அணியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, "சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க, பின்னாடி இருக்கிறவனுக்குக் கேக்கல" என்றார். அவரும் சொன்னார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. இப்போது என்னை வெர்னா என்கிறார், சில சமயம் வாளி என்கிறார். இரண்டுக்கும் போய் நிற்கிறேன்.

3. சாலையின் மறுமுனையில் புதிதாகக் குடிவந்தோர் சத்தம் குறித்து முறையிட்டதால், அணி வாய்திறவாமல் ஓட வேண்டும் என்று தாங்கள் ஆணையிட்டதாக அறிகிறேன். அங்கே கைக்குழந்தைகள் உள்ளன. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை.

4. சென்ற திங்களன்று அணி மௌனமாகக் கடந்தது. என் கணவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, "எங்கடா போறோம்?" என்று தாமே கேட்டார். முழுதாக ஒரு கேள்வியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் முகம் வாடியது. அப்போது கடைசி வரிசையிலிருந்து லமார் பெட்வே, "வீட்டுக்கு, சார்!" என்றார்.

5. சார்ஜென்ட் தம் கடமைப்படி அங்கேயே தண்டால் எடுக்கச் சொன்னார். பெட்வே முகம் சுளிக்காமல், எண்ணிக்கையை உரக்கச் சொல்லியபடி எடுத்தார். என் கணவரும் கூடவே எண்ணினார். ஏழு என்ற எண்ணை மட்டும் விட்டுவிட்டார். பெட்வே தரையில் கிடந்தபடியே, "ஏழு போச்சு சார், எனக்கு ஒரு தண்டால் மிச்சம்!" என்றார். ஹாலிஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

6. ஆணையை மீறியதற்காகப் பெட்வேயை முகாமிலிருந்து நீக்கி, மீதித் தண்டனையான ஐந்து ஆண்டுகளையும் பெரிய சிறையில் கழிக்க அனுப்பப் போவதாகச் சார்ஜென்ட் நேற்று எங்களிடம் தெரிவித்தார். முகாமை முழுதாக முடித்தால் அந்த ஐந்து ஆண்டுகள் தள்ளுபடியாகி அவர் விடுதலையாவார்; அதற்குச் சில வாரங்களே உள்ளன. அவர் செய்தது மீறல்தான், மறுக்கவில்லை. அதற்குரிய தண்டனையை எங்கள் கண்முன்னே அனுபவித்துவிட்டார்.

7. ஆகவே நீக்கத்தை ரத்து செய்யுமாறு பணிவுடன் கோருகிறேன். எங்கள் தோப்பையொட்டி வேறு வீடு இல்லாததால், அந்தத் தொலைவு மட்டும் அணி குரல் கொடுக்கவும் அனுமதிக்க வேண்டுகிறேன். மற்றபடி இந்தச் சிறைக்கு அண்டை வீட்டாராக நாங்கள் நிறைவாகவே இருக்கிறோம்.

8. தாங்கள் விசாரணை நடத்தினால் என் கணவரே சாட்சி சொல்ல வருவார். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் பிடிக்கும். பொறுத்திருந்து கேட்குமாறு வேண்டுகிறேன்.

இடம்: ஹார்லோ பெண்ட்
நாள்: மே 19

தங்கள் உண்மையுள்ள,
வெர்னா டிட்வெல்
ஹாலிஸ் டிட்வெல் (இடது கையால்)