ஒரு கிலோ தண்ணீர்

நேற்று ஷார்ஜா முவைலாவில் ஒரு பலசரக்குக் கடைத் தராசில் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். பாதி குடித்து, அறையில் மீண்டும் நிரப்பிய பாட்டில். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர்.

"அண்ணே, தண்ணிய எண்ணித்தான் விப்போம். நிறுத்து இல்ல."

"ஒருத்தருக்குக் கொடுக்கணும்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உனக்குத்தான். நீ இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

பாலை விளிம்பில் இருந்த அந்தத் துப்பாக்கி கிளப்பில் நான் ஸ்டோர் கிளார்க். நீ பட்டறை உதவியாளர், யாழ்ப்பாணத்தில் கடிகாரம் திருத்தியவன். ஒரே அறை, ஒரே வேன். துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவாய். ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தச் சத்தம் ஊரில காணுமெண்ட அளவுக்குக் கேட்டாச்சு" என்றாய். காணும் என்றால் உங்கள் ஊரில் போதும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போட்டி விதி எளியது. குண்டில்லாத ரிவால்வரின் ஹாமரை, குண்டை அடிக்கும் அந்தச் சிறு சுத்தியலை, பின்னால் இழுத்து நிறுத்துவார்கள். குழல் மேலே பார்க்கும். விரலால் இழுக்கும் விசையில் ஒரு கிலோ எடையை மாட்டி, துப்பாக்கியோடு தூக்குவார்கள். ஹாமர் விழுந்துவிட்டால் விசை அளவுக்கு மீறி இளகியது, துப்பாக்கி தகுதி இழக்கும். விழாவிட்டால் சரி. ஆனால் விசை கனக்கக் கனக்க விரல் பலமாக இழுக்க வேண்டும், குறி விலகும். ஆகவே ஒரு கிலோவைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் ஏறக்குறைய எதையும் தாங்கக் கூடாது. அந்த இடத்தில் விசையை நிறுத்துவதுதான் வேலை.

கிளப் உறுப்பினர் ஒருவரின் ரிவால்வர் உன்னிடம் வந்தது. அது பரிசோதனையில் தேறினால் உன்னை டெக்னீஷியன் விசாவுக்கு மாற்றுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். டெக்னீஷியன் என்றால் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஷார்ஜாவில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் விவரம் கேட்டாய். போர்வை தேவைப்படும் என்றேன். நம்பவில்லை.

அதிகாரப்பூர்வ எடை நடுவர்களிடம் இருந்தது. போட்டியன்றுதான் வரும். நீ ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கம்பிக் கொக்கி கட்டினாய். வழுக்காமலிருக்கக் கறுப்பு டேப் சுற்றினாய். கடைத் தராசில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றி, கொக்கியும் பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்து சரியாக ஒரு கிலோ ஆக்கினாய்.

அது நோன்பு மாதம். செப்டம்பர் வெயில். பகலில் வெளியே யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. நமக்கும் அதுதான். கூலர் எல்லோர் பார்வையிலும் இருந்தது. பட்டறைக் குழாயில் தொட்டித் தண்ணீர், சுடும், உப்புக் கரிக்கும். ஒரு மதியம் நீ வெளியே போயிருந்தாய். பாட்டில் ஏசிக்குக் கீழே இருந்தது. குளிர்ந்திருந்தது.

அது உன் எடை என்று எனக்குத் தெரியும்.

நான்கு மடக்கு. பிறகு குழாயில் பிடித்து ஊற்றினேன். கையில் தூக்கிப் பார்த்தேன். முன்பு இருந்த அதே கனம் என்று தோன்றியது. மூடினேன்.

அதன்பின் இரண்டு நாள் நீ வேலை செய்தாய். விசை சற்றே இளக நுண்ணிய கல்லால் ஒரு தடவல், துடைப்பு, மாட்டல், பாட்டிலைத் தொங்கவிட்டுத் தூக்கல். மறுபடி ஒரு தடவல். கடைசியில், "தாங்குது மச்சான். இனிக் காணும்" என்றாய். உறுப்பினர் வந்து இழுத்துப் பார்த்தார். "கலாஸ், கலாஸ்", வேலை முடிந்தது என்று சிரித்தார். நான் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

பெருநாள் கழிந்து போட்டி. நடுவர் எடையை மாட்டித் தூக்கினார். டக். மறுபடி. டக். மூன்றாவது முறையும்.

உறுப்பினர் நேரே காருக்குப் போனார். சூப்பர்வைசர் பட்டறை வாசலில் நின்று, இது யாருடைய தவறு என்று இந்தியில் கேட்டார். நான் உன் பக்கத்தில் நின்றேன். "மேரா கல்தி", என் தவறு என்றாய். என் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதைவிடப் பெரிதாக எழுத முடியவில்லை.

விசா மாறவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. போர்வை வாங்கும் பேச்சும் நின்றது.

விமான நிலையத்தில் நீ உள்ளே போகுமுன் இரண்டு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தாய். ஒன்றை என்னிடம் நீட்டினாய்.

"குடி மச்சான். இது நிறுக்கிற போத்தில் இல்ல."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ புறப்பாட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எப்படா தெரியும்?"

"போட்டி முடிஞ்ச அண்டைக்கே. தராசில வச்சன், நாப்பது கிராம் குறைவு. பிறகு குடிச்சும் பாத்தனான். உப்பு."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நோன்புக்க தண்ணி குடிச்சவன் எண்டு உன்னைக் காட்டிக் குடுக்கிறதே? ரெண்டு பேர் போறதுக்கு ஒருத்தன் போனாக் காணும்." பையைத் தோளில் மாட்டினாய். "கடைசி நாள் திரும்ப நிறுத்துப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும். அது என்ர பிழைதான். நீ கனக்க யோசிக்காத, உனக்கு அது ஒண்டுதான் வேலை."

பிறகு குவைத். மங்காஃபில் ஏசி பழுது பார்க்கும் வேலை, எட்டுப் பேர் ஓர் அறை. வெள்ளிக்கிழமைகளில் போன் செய்தாய். சாப்பாடு, வெயில், கிரிக்கெட். மன்னிப்புக்கு நான் பலமுறை வாக்கியம் அமைத்தேன். அமைத்ததும் அது அடுத்த வெள்ளிக்கு என்று போனது. ஒரு வெள்ளி உன் எண்ணிலிருந்து வேறு குரல் பேசியது. தூக்கத்திலேயே என்றது. இதயம் என்றது. காலை டியூட்டிக்கு எழுப்பியபோதுதான் தெரிந்தது என்றது.

உன் மனைவி கடைசிவரை வளைகுடாவைப் பார்க்கவில்லை.

அதற்குப் பின் நான் செய்வது இது. பாட்டிலைக் கையில் பிடித்து ஒரு கிலோ என்று தோன்றும்வரை ஊற்றுவேன். பிறகு ஏதாவது ஒரு கடைத் தராசு. இதுவரை எட்டு முறை. பயிற்சியில் கை பழக வேண்டும். பழகவில்லை.

நேற்று தொள்ளாயிரத்து எழுபது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தித் தரவாண்ணே?" என்றார் கடைக்காரர். ஊற்றினால் சரியாகிவிடும். வேண்டாம் என்றேன். குறைந்த எடையோடே அதை அறைக்குத் தூக்கி வந்தேன்.